மே புவாவின் மருந்து உருண்டை

மூபோ அன்றைக்குச் சண்டைக்குத் தயாராகத்தான் வந்திருந்தாள். பெண் யானை மே புவாவின் காதுக்குப் பின்னால் எடுத்த ரத்தத்தின் பரிசோதனை முடிவோடு டாக்டர் சுதீரா முகாமுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்.

"சர்க்கரை குறையல. இன்சுலின் போன மாசத்தைவிட ஏறியிருக்கு. சர்க்கரை இறங்காம அது பருவத்துக்கு வராது, சினைப்பருவத்துக்கான ஹார்மோன் அசையவே இல்ல. என்னால கையெழுத்துப் போட முடியாது மூபோ."

கையெழுத்து இல்லாவிட்டால் மே புவா மலைக்காட்டுக்குப் போக முடியாது. குளிர்காலம் தொடங்கியதும் முகாம்களில் உள்ள பெண் யானைகளை லாரியில் ஏற்றிக் கரேன் மலைமக்களின் ஊர்ப்பக்கம் கொண்டுபோய், கொம்பனோடு சேர விடுவார்கள். மே புவாவுக்கு இருபத்தாறு வயது. ஒருமுறைகூட ஈன்றதில்லை. இன்னும் சில வருஷம் தள்ளினால் ஈனவே முடியாது.

மூபோ, முகாமின் முதலாளி ஒராதாயின் பக்கம் திரும்பினாள். "அக்கா, எத்தனை தடவை சொன்னேன்! யாரோ திருட்டுத்தனமா பழம் குடுக்கறாங்க."

"யாருடி குடுக்கறா? உன் பேச்சக் கேட்டு நாலு மாசமா ஒரு கூடைப் பழம் அதுகிட்ட போகல. யானை விரதமான்னு சுத்திப்பாக்க வர்றவன்லாம் நக்கல் பண்றான்."

யானையின் முன்காலில் சாய்ந்து நின்ற பாகன் தாவா, மூபோவின் கணவன், சிரித்தான். "நேத்து ஒரு சின்னப்பிள்ளை கையிலேர்ந்து பழத்தைப் புடுங்கிட்டா இவ, அக்கா. பிள்ளை கத்துன கத்துல யானை மிரண்டுடுச்சு."

"நீ சும்மா இரு. வேலியோரம் நின்னு பாத்துக்கன்னா, அங்கயும் நின்னு தூங்கறவன்தான நீ?" என்றாள் மூபோ.

அவள் சும்மா இருந்தாளா? விடிந்ததும் புல் அறுத்தாள், வாழைத்தண்டு வெட்டினாள், தினமும் இரண்டு மணி நேரம் யானையோடு மேட்டில் ஏறி இறங்கினாள். ஒன்றுவிடாமல் தாளில் எழுதினாள். இத்தனைக்கும் பலன் இதுதானா?

டாக்டர் தாளைப் புரட்டினார். "புல், தண்டு, மூங்கில் இலை. எல்லாம் சரியா இருக்கு. எதுவும் விட்டுப்போச்சா?"

"ஒரு வாய்கூட விடல."

அதற்குள் மே புவா தும்பிக்கையை நீட்டி மூபோவின் துணிப்பையைத் துழாவியது. நேரம் தெரிந்த யானை. அவள் டாக்டரைப் பார்த்தபடியே இலையில் சுற்றிய உருண்டை ஒன்றை எடுத்து அதன் வாயில் திணித்தாள். தேங்காய் அளவு இருந்தது.

"அது என்ன?"

"மருந்து டாக்டர். பருவத்துக்கு வர்றதுக்கு எங்க ஊர்ல குடுக்கற வேர். காலைல மூணு, சாயங்காலம் மூணு."

"வெறும் வேரா?"

"வேர் கசக்குமே, துப்பிடும். அதனால ஒட்டரிசிச் சோறு, நல்லாக் கனிஞ்ச பழம், புளி, பனைவெல்லம்..."

வெல்லம் என்ற சொல்லோடு அவள் வாய் நின்றுவிட்டது.

மருந்தை யார் தீனிக் கணக்கில் எழுதுவார்கள்? அவள் ஊரில் யாரும் எழுதியதில்லை. போன மாத முடிவு மோசம் என்று தெரிந்தவுடன் மூன்றாக இருந்ததை ஆறாக்கியவளும் அவள்தான்.

"பழத்தை நிறுத்திட்டு வெல்லத்தைக் குடுத்திருக்கே" என்றார் டாக்டர், மெதுவாக.

ஒராதாய் அவசரமாகக் குறுக்கே வந்தாள். "ஏன் டாக்டர், சுத்திப்பாக்க வர்றவங்க காசு கட்டி உக்காந்து உருட்டி யானைங்களுக்குக் குடுக்கறாங்களே, அந்த உருண்டை பரவால்லதான? அது மருந்துதான?"

இந்த முறை தாவா சிரிக்கவில்லை. டாக்டர் தாளை மூபோவிடம் நீட்டிவிட்டு ஒராதாயைப் பார்த்தார்.

நான்கு நாள் கழித்து லாரி வேறு இரண்டு யானைகளோடு மலைக்குக் கிளம்பியது. மூபோ வெளியே வந்து பார்க்கவில்லை. தாளை முழங்காலில் வைத்து, பழைய தேதிகளுக்கு நேரே விட்டுப்போனதை எழுதிக்கொண்டிருந்தாள்: உருண்டை மூன்று, உருண்டை மூன்று, பிறகு ஆறு. பேனா அழுந்தியதில் தாள் இரண்டு இடத்தில் கிழிந்தது.

மே புவா துணிப்பையைத் துழாவியது. காலிப் பை. இன்னொரு முறை துழாவிவிட்டு, பையைப் பிடுங்கிச் சேற்றில் எறிந்தது.

"எறி. என்னையும் சேத்து எறி" என்று சொல்லி மூபோ புல்கட்டை அதன் முன்னால் தள்ளினாள்.