ஐஸில் ஒரு ரோஜா

செப்டம்பரில் பக்கவாதம் வந்து வலது கை விழுந்ததிலிருந்து ஆர்லிஸ் ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் போகவில்லை. முப்பத்தோரு வருஷம் கேக்குகளின் மேல் கிரீம் ரோஜா போட்ட கை அது. விஸ்கான்ஸினில் அவர்கள் வட்டாரத்தில் நடந்த பாதிக் கல்யாணங்களின் கேக் அவள் கைபட்டதுதான். வெளியே போனால் யாராவது கையைப் பார்த்து உச்சுக்கொட்டுவார்களே என்று வீட்டோடு கிடந்தாள்.

பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலை, அவள் கணவன் வெர்னன் பூட்ஸை எடுத்துவந்து அவள் காலடியில் வைத்தான்.

“மேப்பிள் பென்ட்ல ஐஸ் சிற்பம் வச்சிருக்காங்க. கிளம்பு.”

“ஐஸ் பாக்க ஒன்றரை மணி நேரம் போகணுமா? நம்ம கூரையிலயே தொங்குதே.”

“இது சும்மா தொங்குது. அது கரடி, கழுகுன்னு நிக்குது.”

“நான் காரை விட்டு இறங்க மாட்டேன்.”

“இறங்காத. கண்ணாடி வழியா பாரு, போதும்.”

பாதி வழியிலேயே வெயில் ஏறிவிட்டது. சாலையோரப் பனி சேறாகித் தெறித்தது. மேப்பிள் பென்டின் ஒரே கடைவீதியில் இருபது சிற்பங்களும் சொட்டுச் சொட்டாகக் கரைந்துகொண்டிருந்தன. வெர்னன் முகம் தொங்கிப்போய்விட்டது. இறங்கிப்போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு வந்து கார்க் கண்ணாடியைத் தட்டினான்.

“கழுகுன்னு எழுதி வச்சிருக்காங்க. பாத்தா மழையில நனைஞ்ச கோழி. கரடிக்கு மூக்கே இல்ல.”

ஆர்லிஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “பொய் சொல்ற.”

“அப்ப நீயே வந்து பாரு.”

கையுறை மாட்டிய வலது கையைக் கோட்டுப் பைக்குள் திணித்துக்கொண்டு இறங்கினாள். கழுகு கோழியாகத்தான் இருந்தது.

நூலக வாசலில் ஒரு இளம்பெண் மேஜை போட்டு ஐஸ் செதுக்கிக்கொண்டிருந்தாள். டெஸ்ஸா என்று மேலங்கியில் பெயர் தைத்திருந்தது. அவள் செய்துகொண்டிருந்தது ரோஜா. ஆர்லிஸ் ஒரு நிமிஷம் நின்று பார்த்தாள். வாய் சும்மா இருக்கவில்லை.

“இதழ் எல்லாம் ஒரே அளவுல இருக்கேம்மா. உள்ள சின்னதா, இறுக்கமா இருக்கணும். வெளிய வர வரத்தான் விரியணும்.”

டெஸ்ஸா நிமிர்ந்தாள். “அதான் எங்கயோ இடிக்குதேன்னு பாத்தேன்! நீங்க செதுக்குறவங்களா?”

“கேக்குல பூ போட்டுட்டிருந்தேன்.”

“வண்டியில இன்னொரு கட்டி மிச்சம் இருக்கு. சாயங்காலத்துக்குள்ள எப்படியும் தண்ணியாயிடும். செஞ்சு காட்டுங்களேன்.”

ஆர்லிஸ் பையிலிருந்து வலது கையை வெளியே எடுத்தாள். விரல்கள் உள்ளே மடங்கியிருந்தன. ஐந்து மாதத்தில் அந்நியர் ஒருவரிடம் அவளாகவே அதைக் காட்டியது அன்றுதான்.

“இது வேலைக்கு ஆகாது.”

டெஸ்ஸா உச்சுக்கொட்டவில்லை. “இடது கை இருக்கே? இன்னைக்கு ஐஸ் வெண்ணெய் மாதிரி கிடக்கு. உளியை அழுத்தித் தள்ளுனா போதும்.”

முதல் வெட்டிலேயே உளி வழுக்கி ஒரு பெரிய துண்டு பெயர்ந்து விழுந்தது. ஆர்லிஸுக்குக் கண் கலங்கிவிட்டது. உளியை வைத்துவிட்டுப் போய்விடலாமா என்றிருந்தது. டெஸ்ஸா அந்தத் துண்டைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டு, “நான் காலையில ஒரு முயலோட தலையையே வெட்டிட்டேன், நீங்க செய்யுங்க” என்றாள்.

செய்தாள். நடுவிலிருந்து ஒரு மொட்டு, அதைச் சுற்றி ஒரு இதழ், அப்புறம் இன்னொன்று. கட்டி மேஜையில் வழுக்கியபோது தன்னை அறியாமல் வலது கையை அதன் மேல் ஊன்றிக்கொண்டாள். எதிரே நின்ற வெர்னன் பார்த்தான். கையுறைக்குள் விரல்கள் பாதி விரிந்து ஐஸை அழுத்திப் பிடித்திருந்தன. ஏதாவது சொன்னால் எடுத்துவிடுவாளோ என்று பேசாமல் பிளாஸ்க்கிலிருந்து காபியை ஊற்றிக் குடித்தான்.

ஒரு மணி நேரம் கழித்து நாயோடு வந்த ஒரு அம்மாள் நின்று பார்த்தாள். “முட்டைக்கோஸ் ரொம்ப நல்லா வந்திருக்கே!”

வெர்னன் மூச்சைப் பிடித்துக்கொண்டான். ஆர்லிஸ் அந்த அம்மாளைப் பார்த்தாள், பூவைப் பார்த்தாள். பிறகு மேஜையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

“ரோஜாங்க அது! ஆனா நீங்க சொல்றதும் நியாயந்தான்.”

டெஸ்ஸா இரண்டு பூக்களையும் அருகருகே வைத்து, ஆளுக்கொரு பெயர்ச்சீட்டும் எழுதி வைத்தாள். ஆர்லிஸ் ஈரமான கையுறையைக் கழற்றி, வலது கையை வெர்னனிடம் நீட்டினாள்.

“தேய்ச்சு விடு. மரத்துப் போச்சு. இது என்ன பண்ணிட்டிருந்துச்சுன்னு பாத்தியா?”

“பாத்தேன்.”

“சொல்லவே இல்ல?”

“நீ வேலையா இருந்த.”

அந்தக் கையில் கிரீம் ரோஜா பிறகு வரவேயில்லை. ஆனால் அடுத்த சனிக்கிழமை நாற்பது மைல் தள்ளி வேறொரு ஊரில் டெஸ்ஸா மேஜை போடுகிறாள் என்று கேட்டு வைத்துக்கொண்டு, ஆர்லிஸ் அன்று விடியுமுன்னே பூட்ஸ் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெர்னன்தான் இன்னும் எழுந்திருக்கவில்லை.