இரண்டரை மணி டிக்கெட்

வெளிநாடு போறவை வாயைத் திறக்கக்கூடாது. நான் திறந்தனான். அம்மா தன்ர பங்குக்கு வெள்ளவத்தை முழுக்கச் சொல்லிவிட, என்ர முதுகுப் பையில பாதி ஊராற்ற சாமான். ரோமில ஒராளுக்குப் பருத்தித்துறை வடை, பொலோனியாவில ஒராளுக்கு மருந்தெண்ணெய். எல்லாம் குடுத்து முடிச்சு, கடைசியா மிஞ்சினது கொட்டாஞ்சேனை மேபல் அன்ரியின்ர பார்சல். அம்மாவுக்குச் சட்டை தைச்சுக் குடுக்கிறவ. மிளகாய்த்தூள், தொதல், கொத்தமல்லி எண்டு நாலு கிலோ. பதுவாவில ஒரு கிழவியைப் பராமரிக்கிற தன்ர மகள் றஷ்மிக்கு.

அட்ரஸ் கேட்டதுக்கு மேபல் அன்ரி போனில சொன்னது: "அந்தோனியார் கோயிலடியில நின்னு கேளுங்க மகள், றஷ்மிய தெரியாதவங்க இருக்க மாட்டாங்க." எங்கட கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலடியில அது சரிவரும். இஞ்ச அந்தோனியாரின்ர சொந்தக் கோயில், உலகமே வந்து நிக்குது. நல்ல காலம், றஷ்மியின்ர நம்பர் இருந்தது.

நான் பதுவாவுக்கு வந்தது றஷ்மிக்காக இல்லை. ஏ-லெவலுக்குச் சித்திரம் படிக்கேக்க, புத்தகத்தில முத்திரை அளவில ஒரு படம் பாத்தனான். எழுநூறு வருசத்துக்கு முந்தின ஒரு சின்னக் கோயில், நீலக் கூரை, பொன் நட்சத்திரம். அந்த நீலத்தை நேரில பாக்கவேணும் எண்டு மூண்டு வருசம் லீவு சேத்தனான். உள்ள விடுறது கால் மணித்தியாலம்தான். என்ர டிக்கெட் இரண்டரைக்கு. பிந்தினா அவ்வளவுதான், வேற நாளும் இல்லை, எனக்குப் பின்னேரம் வெனிஸ் ரயில்.

விடியத்தொடக்கம் நடை. பையை ஸ்டேஷனில விட மனமில்லை, மற்றாக்களின்ர சாமான். சந்தைக் கட்டடம் பாத்தன், பிணம் அறுத்துப் படிப்பிச்ச மண்டபம் பாத்தன். வாய்க்காலைச் சுத்தி எழுபத்தெட்டுச் சிலையாம், பன்னிரண்டோட எண்ணுறதை விட்டிட்டன். கல்லுப் பாவின ரோட்டில குதிக்கால் வெடிச்சுப் போச்சு. ஐயோ, ஒரு மனிசர் இவ்வளவு வெயில் காயலாமோ!

பன்னிரண்டுக்கு அந்தோனியார் கோயில் வாசலுக்கு வந்தன். "அரை மணில வர்றேன் அக்கா" எண்டாள் றஷ்மி. ஒரு மணிக்குத் திரும்பப் போன் எடுத்தன். "சிஞ்ஞோரா இன்னும் தூங்கல." தான் பாக்கிற கிழவியைத்தான் சொன்னாள். நான் வீட்டை வரட்டோ எண்டு கேட்டன். வேண்டாமாம், வெளி ஆள் வந்தா கிழவிக்குப் பிடிக்காதாம். ஒண்டே முக்காலுக்கு, "இப்பதான் கண்ண மூடுறாங்க. எழும்பிட்டா எனக்கு வெளிய வர ஏலாது அக்கா." நீலக் கூரைக் கோயிலுக்குப் போக இருபத்தைஞ்சு நிமிச நடை. பார்சலைப் படிக்கட்டில வச்சிட்டு ஓடுவமோ எண்டும் யோசிச்சன். திருப்பிக் கொண்டுபோனா அம்மா என்னை வீட்டுக்குள்ள எடுக்கமாட்டா. தலைவிதியே எண்டு குந்திக்கொண்டு இருந்தன். ரெண்டு மணி தாண்டிச்சு. எனக்கு அழுகை வந்தது, உண்மையாவே வந்தது.

ரெண்டு இருபதுக்கு ஒருத்தி ஏப்ரனோட, வீட்டுச் செருப்போட ஓடி வந்தாள். மேபல் அன்ரியின்ர மூக்கு. ஏசுறதுக்கு நான் எல்லாத்தையும் நாக்கு நுனியில வச்சிருந்தனான். அவள் பார்சலைப் பாக்கவே இல்லை. என்ர ரெண்டு கையையும் பிடிச்சாள்.

"அக்கா, அம்மாவ நேர்ல கண்டீங்க தானே? எப்படி நடக்குறாங்க?"

போனில முகத்தை மட்டும்தான் காட்டுவாவாம். எழும்பி நடந்து காட்டச் சொன்னா உடனே லைன் கட் ஆகுமாம். போன வருசம் குளிக்கிற அறையில விழுந்து முழங்கால் போனதே பக்கத்து வீட்டு ஆக்கள் சொல்லித்தான் இவளுக்குத் தெரியுமாம்.

"ஒன்பது வருஷம் அக்கா. பேப்பர் சரிவரல, போக ஏலாது. பார்சலுக்கா ஓடி வந்தேன்? போன கிழமை அம்மாவ பாத்த ஆள பாக்க வந்தேன்."

நான் எங்க பாத்தனான்? வெளிக்கிட முதல் நாள் பின்னேரம் பெல் அடிச்சது. எங்கட ஃபிளாட் நாலாம் மாடி. லிஃப்ட் பழுது, நானே அண்டு முழுக்க அதைத் திட்டிக்கொண்டு திரிஞ்சனான். காதில போன், ஆபீஸ் ஆள். கதவைத் திறந்தன், பார்சலை வாங்கினன், "சரி அன்ரி, குடுக்கிறன்" எண்டன், கதவைச் சாத்தினன். அவ சுவரில கையை ஊண்டிக்கொண்டு நிண்டவ.

"நாலு மாடி ஏறி வந்தவ," எண்டன். "லிஃப்ட் இல்லை. இந்தப் பார்சலோட."

"நாலு மாடியா!" சிரிச்சாள், அழுதாள். "அப்போ கால் சுகமாயிருச்சு! அந்தோனியாரே!" கோயில் பக்கம் திரும்பிச் சிலுவை அடையாளம் போட்டாள். மேல இரண்டரை மணி அடிச்சது. நான் நிமிந்தும் பாக்கேல்லை.

பார்சலைத் தூக்கிக்கொண்டு ஓடினவள், கொஞ்சத் தூரத்தில நிண்டு திரும்பினாள்.

"உங்க வீட்ல கொஞ்சம் இருந்து, தேத்தண்ணி குடிச்சிட்டுத் தானே அக்கா போனாங்க?"

"ஓம்," எண்டன். "ஆறுதலா இருந்து குடிச்சிட்டுத்தான் போனவ."