நிறைந்த கிண்ணம்

மணி அடித்த பிறகும் சைகல் வகுப்பை விட்டுப் போகவில்லை. சுவரில் தொங்கிய வரைபடத்தின் முன்னால் நின்றிருந்தாள். அப்பாவோ அண்ணனோ வேலை பார்க்கும் ரஷ்ய நகரத்திலிருந்து தங்கள் ஊர்வரை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் சிவப்புக் கோடுகள் இழுத்திருந்தார்கள். கோடுகளுக்கு அடியில் ஊரே தெரியவில்லை.

எல்லாம் மாவட்ட ஆசிரியர் பயிற்சியில் சொல்லிக் கொடுத்த வித்தை. பாலியல் கல்வி என்று தனிப்பாடம் வைத்தால் பெற்றோர் சண்டைக்கு வருவார்கள், புவியியலுக்குள் நைசாக நுழைத்துவிடுங்கள், இடம்பெயர்தல் பாடம்தான் இருக்கிறதே என்றார்கள். சொல்லிவிட்டு வண்டியேறிப் போய்விட்டார்கள், மகராசர்கள்! ஊரில் கிடந்து பதில் சொல்ல வேண்டியவள் பூருல் டீச்சர்தானே? அவளும் நடத்தினாள். ஆள் போய்வரும் வழியிலேயே நோயும் வரும், எச்.ஐ.வி. உடலுறவில் தொற்றும், ஆணுறை தடுக்கும், ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும் என்றாள். பையன்கள் மேசைக்கடியில் குனிந்து சிரித்தார்கள். சைகல் சிரிக்கவில்லை.

"டீச்சரக்கா, ரத்தத்துல ஏதோ இருக்குன்னுதான் ஏப்ரல்ல அப்பாவ அங்கேர்ந்து திருப்பி அனுப்பிட்டாங்க. என்னன்னு யாரும் சொல்லல. இப்ப அம்மா முழுகாம இருக்காங்க." சிவப்புக் கோடொன்றை விரலால் தேய்த்தாள். "அப்ப பாப்பாவுக்கும் வருமா?"

பாடத்தில் இதற்குப் பதில் இருந்தது. ஆனால் அதைக் கேட்க வேண்டியவள் இந்தப் பெண்ணல்ல.

சாயங்காலமே அவர்கள் வீட்டுக்குப் போனாள். சைகலின் அம்மா குல்சினா ரொட்டியைப் பிய்த்து வைத்து, இருந்து மறுபடி மறுபடி குடி என்று விருந்தாளிக்கு ஊற்றுகிற மாதிரியே கிண்ணத்தின் அடியில் கொஞ்சமாகத் தேநீர் ஊற்றினாள். பூருல் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள்.

"நீ மலையும் ஆறும் சொல்லிக் குடுக்கறியா, இல்ல என் படுக்கைய அளக்கறியா?"

"இப்பவே மாத்திரை ஆரம்பிச்சா குழந்தையக் காப்பாத்திடலாம், குல்சினா. ஒரு ரத்தப் பரிசோதனைதான்."

"இங்க ரத்தம் எடுக்கறவ என் நாத்தனார். பொழுது சாயறதுக்குள்ள ஊரே பேசும்."

"டவுனுக்குப் போலாம். நான் கூட வரேன்."

"போற ஒரே காரை யாரு ஓட்டறா? என் கொழுந்தன்!" குல்சினா சிரித்தாள். பிறகு சட்டென்று குரலைத் தாழ்த்தினாள். "எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச? வந்ததுலேர்ந்து அவரு முகத்தத்தான பாக்கறேன். வாயத் தொறந்து சொல்லிட்டா நான் எங்கடி போவேன், இந்த வயித்தோட?"

எங்கே போவாள்? எந்த வரைபடத்திலும் அவளுக்கு அப்படியோர் இடம் இல்லை.

உள்ளறையில் ஓர் ஆண் இருமினான். குல்சினா கெட்டிலை எடுத்துக் கிண்ணத்தை விளிம்புவரை நிரப்பினாள். குடித்துவிட்டுக் கிளம்பு என்று அதற்கு அர்த்தம். பூருல் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கதவோரம் நின்றிருந்த சைகல் வேகமாக வந்தாள். அம்மாவைப் பார்க்காமலே அந்தக் கிண்ணத்தை எடுத்து, தேநீர் முழுவதையும் வாளியில் கொட்டினாள். கெட்டிலைச் சாய்த்து அடியில் கொஞ்சமாக ஊற்றினாள். அதை மறுபடியும் டீச்சரின் முன்னால் வைத்தாள்.