போர்ட் கெர்வினில் மை காய்ந்த வருடம்

தோற்கப்போகும் அணியின் பனியனில் மை காயாது. ஈரி ஏரிக்கரையில், பஃபலோவுக்குத் தெற்கே இருக்கும் போர்ட் கெர்வினில், லொரெய்ன் பாவ்லக்கின் அச்சுக்கடையில் 2004 முதல் இது இப்படித்தான். ஒவ்வொரு ஜனவரியிலும், பிப்ரவரியில் நடக்கும் அமெரிக்கக் கால்பந்து இறுதிப் போட்டியில் மோதப்போகும் இரண்டு அணிகள் எவை என்று தெரிந்த மறுநாள் காலை கடைக்கு ஆர்டர் வரும். இரண்டு அணிகளின் பெயரிலும் ‘சாம்பியன்’ என்று போட்ட பனியன்கள், அணிக்கு நாலாயிரம். ஜெயித்தவர்கள் மைதானத்திலேயே போட்டுக்கொள்ள வேண்டும் என்பதால் இரண்டையும் முன்கூட்டியே அடித்து வைப்பது வழக்கம். ஒரே மை, ஒரே துணி, ஒரே சூட்டுப்பெட்டி. ஓர் அணியின் பனியன் காய்ந்து வெளியே வரும். மற்றது ஈரமாக வரும். நான்கு முறை திருப்பி விட்டாலும் விரலில் ஒட்டும். முதல் வருடம் லொரெய்ன் மை விற்றவரிடம் சண்டை போட்டார். இரண்டாம் வருடம் சூட்டுப்பெட்டியை மாற்றினார். மூன்றாம் வருடம் எதையும் மாற்றவில்லை. தோற்ற அணியின் பனியன்களை உள்நாட்டில் யாரும் பார்க்கக் கூடாது என்பது ஒப்பந்தம். அவற்றை மெழுகுத்தாள் வைத்து மடித்து வெளிநாட்டு ஏழைகளுக்குக் கப்பலில் அனுப்பினார்கள். நிலநடுக்கோட்டைத் தாண்டியதும் அவை காய்ந்துவிடுவதாக ஜாம்பியாவிலிருந்து ஒரு தொண்டு நிறுவனம் எழுதியிருந்தது. யார் தோற்றார்கள் என்பது அங்கே யாருக்கும் பொருட்டில்லை.

ஊருக்கு இது தெரியும். யாரும் கடைக்கு வந்து கேட்டதில்லை. தங்கள் அணியான பஃபலோ இறுதிப் போட்டிக்கு வராத வருடத்தில் யார் ஜெயித்தால் என்ன என்பது ஊரின் நிலைப்பாடு. கடைக்கு ஆர்டர் வரத் தொடங்கியதிலிருந்து பஃபலோவும் வந்ததில்லை. நயாகரா பக்கத்துச் சூதாட்ட விடுதியிலிருந்து ஒருமுறை இரண்டு பேர் நல்ல கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார்கள். லொரெய்ன் ஆளுக்கொரு காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

அவருடைய தந்தை ஸிக்மண்டின் இதயம் 2016 மார்ச்சில் நின்றுபோனது. இரும்பு ஆலையில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். “நம்ம பசங்க ஒரு தடவை சாம்பியன் ஆகறதைப் பாக்காம நான் போக மாட்டேன்” என்று அந்தப் பக்கத்தில் எல்லோரும் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். ஸிக்மண்டும் சொல்லியிருந்தார். அவர் சொன்னதைச் செய்கிற ஆள். டாக்டர் ஃபீனி குழாயை இடப்பக்கம் வைத்துப் பார்த்தார். பிறகு வலப்பக்கம் வைத்துப் பார்த்தார்.

“ஸிக்கி, ஒண்ணும் கேக்கலையே.”

“கேக்காது டாக்டர். நின்னுருச்சு. இன்னும் அவனுங்க ஜெயிக்கலல்ல?”

“அதுவும் சரிதான்” என்று சொல்லி, உப்பைக் குறைக்கும்படி எழுதிக்கொடுத்துவிட்டு டாக்டர் போனார். ஸிக்மண்ட் உப்பைக் குறைக்கவில்லை.

பத்து வருடம் இப்படிப் போனது. கை சில்லென்று இருக்கும், அவ்வளவுதான். பியர் குடித்தார். பனி தள்ளினார். மகளோடு ஒரே வீட்டில் இருந்து, ஒவ்வொரு ஞாயிறும் அணி தோற்பதைப் பார்த்தார். லொரெய்ன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அந்த வீட்டில் அவரோடு பேச இருந்த ஒரே ஆள் அப்பாதான். 2026 இலையுதிர்காலத்தில் ஸிக்மண்ட் தனக்கு எண்பத்தெட்டு ஆகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, காத்திருப்பதில் தனக்கு ஆட்சேபம் இல்லை, எத்தனை வருடம் என்று மட்டும் தெரிந்தால் போதும் என்றார். லொரெய்ன் முப்பத்திரண்டு அணிகளுக்கும் அடுத்த நான்கு வருடத்துக்கான பனியன்களை அடித்தார். நூற்று இருபத்தெட்டு. நான்கு காய்ந்தன. எவை என்று வெளியே சொல்வது கடையின் வழக்கம் இல்லை. பஃபலோ அந்த நான்கில் இல்லை.

“சரி, 2031 போடு” என்றார் ஸிக்மண்ட்.

மறுநாள் லொரெய்ன் பஃபலோவுக்கு மட்டும் 2031 போட்டார். பனியன் சூட்டுப்பெட்டியிலிருந்து வெளியே வந்தது. உள்ளங்கையை அதன்மேல் அழுத்தி எடுத்துப் பார்த்தார். கை சுத்தமாக இருந்தது. பஃபலோ சாம்பியன் ஆகும் என்று உலகத்தில் முதலில் தெரிந்துகொண்டவர் அவர். நாற்காலியில் உட்கார்ந்து அழுதார். வீட்டுக்குப் போய், “காயலப்பா” என்றார்.

“லேட்டாக் காயுமோ என்னமோ. வச்சிரு” என்றார் ஸிக்மண்ட்.

லொரெய்ன் அதை ஏரித் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்தார். மண்ணெண்ணெயில் போட்டார். எடுத்துப் பிழியும்போதே காய்ந்துவிட்டது. வீட்டின் நிலவறையில், பழைய கம்பளிகளுக்கு அடியில் ஒளித்தார். அதன்பிறகு ஸிக்மண்ட் ஒவ்வொரு திங்கட்கிழமையும் காலைச் சாப்பாட்டின்போது, “காஞ்சுதா?” என்று கேட்டார். லொரெய்ன், “ஈரம்தான்” என்றார். சர்ச்சில் வாரம் ஒரு மெழுகுவத்தியை அந்த ஞாயிறு பஃபலோவுக்கு எதிராக ஆடும் அணியின் பெயரில் ஏற்றத் தொடங்கினார். பாதிரியார் விசாரித்தபோது, விருந்தாளிகளுக்காக என்றார். முதல் நான்கு வருடம் மெழுகுவத்திகள் நன்றாக வேலை செய்தன. 2030 செப்டம்பரில் தொடங்கி 2031 இறுதிப் போட்டியில் முடியும் பருவத்தில் அணி முதல் ஆறு ஆட்டங்களையும் ஜெயித்தது. ஊரில் கார்கள் காரணமில்லாமல் ஹாரன் அடித்தன. லொரெய்னுக்கு எடை குறைந்தது.

நவம்பரில் ஒருநாள் அவர் வேலை முடிந்து வரும்போது, பக்கத்து வீட்டு ரஸ் ஹார்னிஷ் அப்பாவின் பனி தள்ளும் இயந்திரத்தைத் தன் வீட்டுக்கு உருட்டிக்கொண்டு போனார். முந்தைய வாரம் மீன்பிடித் தூண்டில்கள் போயிருந்தன. லொரெய்ன் சமையலறைக்குப் போனார். அப்பா உட்கார்ந்து காலணிக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார்.

“அந்த மெஷினை எதுக்குப்பா ரஸ்ஸுக்குக் குடுத்த?”

“பிப்ரவரிக்கு அப்புறம் எனக்கு எதுக்கு அது?”

லொரெய்ன் கைப்பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

“பீட்ரூட் ஊறுகாய் எடுக்கக் கீழ போனேன்” என்றார் ஸிக்மண்ட். “நாலு வருஷம், லொரி. இருநூறு திங்கட்கிழமை. முகத்தைப் பார்த்துப் பொய் சொல்லியிருக்க.”

“ஆமா. சொன்னேன்.”

“நல்லாத்தான் சொன்ன. உங்கம்மாவுக்குப் பொய்யே வராது.”

“நீ போகணும்னு ஆசைப்படறியாப்பா?”

“ஆசையா? எவன் ஆசைப்படுவான்? வாக்குன்னு ஒண்ணு இருக்குல்ல.”

“அவனுங்க தோக்கணும்னு வேண்டிக்கிட்டு இருக்கேன். தெரியுமா உனக்கு?”

ஸிக்மண்ட் பிரஷ்ஷை மேசைமேல் வைத்தார். மகள் சொன்னவற்றில் அவரை உண்மையிலேயே புண்படுத்தியது இதுதான். “இந்த வீட்டுக்குள்ளயா?” என்றார்.

அடுத்த இரண்டு மாதம் அவர்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. அணி ஜெயித்துக்கொண்டே இருந்தது. ஜனவரி ஆர்டரில் முதல்முறையாக பஃபலோவின் பெயர் இருந்தது. லொரெய்ன் பஃபலோவின் நாலாயிரம் பனியன்களையும் தானே அடித்தார். ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். ஒன்றாவது ஒட்டும் என்று நினைத்தார். ஒன்றும் ஒட்டவில்லை.

இறுதிப் போட்டியன்று மதியம் ஸிக்மண்ட் குளித்து, கல்யாணக் கோட்டைப் போட்டு, டை கட்டி, டிவி முன்னால் உட்கார்ந்தார். டாக்டர் ஃபீனி ஓர் இறப்புச் சான்றிதழைப் பாதி நிரப்பிக் கொண்டுவந்திருந்தார். நேரம் எழுதும் இடம் மட்டும் காலியாக இருந்தது. ரஸ் இரண்டு பெட்டி கோழி இறக்கைகளோடு வந்தார். லொரெய்ன் அப்பாவின் பக்கத்தில் உட்கார்ந்து அவருடைய குளிர்ந்த கையைப் பிடித்துக்கொண்டார். ஆட்டம் மூன்றே கால் மணி நேரம் நடந்தது. கடைசி நான்கு விநாடி இருக்கும்போது பஃபலோ இரண்டு புள்ளி முன்னால் இருந்தது. பந்து எதிரணியிடம். அவர்களுடைய உதைக்காரன் வந்து நின்றான். கம்பங்களுக்கு நடுவே உதைத்துவிட்டால் மூன்று புள்ளி, அவர்களுக்குக் கோப்பை. லொரெய்ன் உதடு அசைய அவனுக்காக வேண்டினார். அவன் உதைத்தான். பந்து உயரமாகப் போய், வலப்பக்கக் கம்பத்துக்கு வெளியே விழுந்தது.

போர்ட் கெர்வின் முழுவதும் ஒரே சத்தம். பஃபலோ ரசிகர்களின் வழக்கப்படி தெருவில் மடக்கு மேசைகளைப் போட்டு அவற்றின்மேல் குதித்து உடைத்தார்கள். ரஸ் தரையில் மண்டியிட்டு அழுதார். டாக்டர் பேனாவின் மூடியைக் கழற்றினார். லொரெய்ன் கண்களை மூடிக்கொண்டார்.

ஸிக்மண்ட் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொண்டாட்டத்துக்குப் பின்னால், எதிரணி பெஞ்சில், உதைத்தவன் தலைக்கவசத்தைக் கழற்றாமல் தனியாக உட்கார்ந்திருந்தான். யாரும் அவன் பக்கத்தில் போகவில்லை. 1991 இறுதிப் போட்டியில் பஃபலோ ஆளின் கடைசி உதையும் இதே போலத்தான் வலப்பக்கம் போனது; ஒரு புள்ளியில் தோற்றார்கள். அன்று ஸிக்மண்ட் காரில் போய் உட்கார்ந்தவர் மறுநாள்தான் வீட்டுக்குள் வந்தார்.

“அவனுக்கு என்ன வயசு?” என்று கேட்டார்.

“இருபத்தி மூணோ என்னமோ. யாருக்குய்யா வேணும்! ஜெயிச்சுட்டோம் ஸிக்கி!” என்றார் ரஸ்.

“இது ஜெயிப்பா? அவன் தோத்தான். நாம என்ன பண்ணோம்?”

“கோப்பையைக் குடுக்கறாங்கய்யா! பாரு!”

“குடுக்கட்டும். வேணாம்னு நான் சொல்லல. நான் கேட்டது இது இல்ல.” டையைத் தளர்த்தினார். “அந்த உதை எனக்குத் தெரியும். அதை வச்சு ஜெயிச்சுட்டுப் போயிட்டா, மேல நம்மாளுங்க மூஞ்சில எப்படி முழிக்கறது?”

டாக்டர் ஃபீனி சற்று நேரம் காத்திருந்தார். பிறகு பேனாவை மூடினார். “அப்ப நான் கிளம்பட்டுமா?”

“இறக்கை நிறைய மிச்சம் இருக்கு டாக்டர். சாப்பிட்டுப் போங்க.”

“நீ மனுஷனாய்யா?” என்று ரஸ் கத்தினார். “நாப்பது வருஷம் இதைப் பத்தியே பேசி எங்க உயிரை எடுத்த!” ஸிக்மண்ட் லொரெய்னிடம், காகிதமும் உறையும் எங்கே என்று கேட்டார். லொரெய்ன் மேசை இழுப்பறையைக் காட்டினார். ஸிக்மண்ட் கல்யாணக் கோட்டோடு உட்கார்ந்து, அந்த உதைக்காரனுக்கு ஒன்றரைப் பக்கம் எழுதினார். ஏப்ரலில் நாலு வரி பதில் வந்தது.

மை சொன்னது தவறில்லை. அந்த வருடம் பஃபலோதான் சாம்பியன் என்பதை ஸிக்மண்டும் மறுப்பதில்லை. தன்னுடைய விஷயத்தில் அது செல்லாது என்கிறார். நன்றாக ஆடி, குறைந்தது பத்துப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்க வேண்டும் என்பது இப்போதைய நிபந்தனை. லொரெய்ன் எதிர்கால வருடங்களை அச்சிடுவதை நிறுத்திவிட்டார். எத்தனை புள்ளி வித்தியாசம் என்பதை மை சொல்வதில்லை. திங்கட்கிழமைகளில் அவர்கள் முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டபடி முந்தைய நாள் ஆட்டத்தைப் பற்றிச் சண்டை போடுகிறார்கள். லொரெய்ன் மறுபடியும் பஃபலோ ஜெயிக்க வேண்டும் என்றே விரும்புகிறார். ஏழு, எட்டுப் புள்ளியில். 2031 கோடையில் மைதானத்திலிருந்து வருடாந்திர டிக்கெட்டைப் புதுப்பிக்கச் சொல்லிக் கடிதம் வந்தது. ஸிக்மண்ட் மூன்று வருடத்துக்குச் சேர்த்து எடுத்தார். அப்படி எடுத்தால் தள்ளுபடி உண்டு.