பதினேழாம் அறை

‘பத்தடிக் கோல்’ இதழின் ஒன்பதாவது வெளியீடு தபாலில் போய்ச் சேர்ந்த வாரத்தில், அதன் சந்தாதாரர்கள் நாற்பத்து மூன்று பேர் வீட்டிலும் கீழ்நோக்கி ஒரு படிக்கட்டு முளைத்தது. ஒருவருக்குத் துணி பீரோவுக்குள், ஒருவருக்கு வாஷிங் மெஷினுக்குப் பின்னால், மூன்றாவது மாடியில் குடியிருந்த கணக்கு டீச்சருக்குக் கட்டிலுக்கு அடியில். டீச்சரின் கீழ்வீட்டுக்காரர் தன் கூரையைத் தட்டிப் பார்த்துவிட்டு, இந்தப் பக்கம் ஒன்றும் வரவில்லை என்று உறுதியானதும் தன் வேலையைப் பார்க்கப் போனார். இதழின் நடுப்பக்கப் பாதாள வரைபடத்தில் இருந்ததுபோலவே எல்லாவற்றிலும் பதினான்கு படிகள். எல்லாம் ஒரே முதல் அறையில்தான் போய் முடிந்தன. அதுவரை வாசகர் கடிதப் பகுதியில் மட்டும் முட்டிக்கொண்டிருந்தவர்கள் டார்ச்சும் கையுமாக அங்கே ஒருவரையொருவர் முதன்முதலாகப் பார்த்து, நீங்கள் இவ்வளவு குள்ளமா என்று கேட்டுக்கொண்டார்கள். இதழில் எழுதியபடியே மூன்றாம் அறையில் வௌவால்கள், ஒன்பதாம் அறையில் பொய் மட்டுமே பேசும் கற்சிலை. ஐந்தாம் அறையின் கயிறு கிணற்றின் அடிவரை எட்டவில்லை என்று புகார் வந்தது. ஆசிரியர் திருத்தச் சீட்டு அனுப்பினாள். சீட்டு போய்ச் சேர்ந்த அன்றே கயிறு நீண்டது.

ஆசிரியர் என்றால், பல் டாக்டர்கள் அனுப்பும் அச்சுகளை வைத்துப் பல்செட் செய்பவள். அந்த வேலை முடிந்த கையோடு அதே மேசையில் கத்தரியும் பசையுமாக இதழை ஒட்டி, ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேப்ளர் அடிப்பாள். இதழ் ஒரு பழைய விளையாட்டுக்கானது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர் உட்கார்ந்து, ஆளுக்கொரு வீரனாகப் பாவித்துக்கொண்டு பாதாளத்துக்குள் இறங்குவார்கள். அறையில் என்ன இருக்கிறது என்று நடுவர் சொல்வார். என்ன செய்வது என்று ஆடுபவர் சொல்வார். இரண்டு பேருக்கும் தெரியாததைப் பகடை சொல்லும். புதிதாக வரும் விளையாட்டுகளில் வீரன் லேசில் சாகமாட்டான். இவர்கள் பழைய விதிக்காரர்கள், பகடை சொன்னால் செத்தே ஆகவேண்டும்.

அப்படித்தான் அவள் தம்பியின் வீரன் ஏழு வருடத்துக்கு முன் அவள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் செத்தான். பதினோரு வருடம் பார்த்துப் பார்த்து வளர்த்த வீரன். அவள்தான் நடுவர். விஷக் கிண்ணம், பகடையில் விழுந்தது ஒன்று. லிஃப்ட் மெக்கானிக்கான தம்பி எதற்கும் வாய் திறந்து கேட்காதவன், அன்றைக்கு ஒரே ஒரு தடவை கேட்டான்: “அக்கா, இதை மட்டும் பாக்காத மாதிரி விட்டுடேன்.” எல்லாரும் பார்த்தாயிற்று என்றாள் அவள். அதன்பிறகு அவன் அந்த மேசைக்கு வரவில்லை. இரண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு, இதழுக்கான வரைபடங்களை மட்டும் ஒரு வரிக் கடிதம்கூட இல்லாமல் தபாலில் அனுப்பினான். தான் செய்தது சரி என்பதில் அவளுக்குச் சந்தேகமே கிடையாது. சரியாக இருந்தும் ஒவ்வொரு உறையையும் பிரித்ததும், உள்ளே ஒரு வரியாவது இருக்கிறதா என்று தலைகீழாக உதறிப் பார்ப்பாள்.

ஒன்பதாவது வெளியீட்டில் ஒரு பிழை இருந்தது. வரைபடத்தில் பதினேழு என்று ஓர் அறை உண்டு. அறை விவரப் பட்டியலோ பதினாறிலிருந்து பதினெட்டுக்குத் தாவியது. ‘17. வெறும் அறை’ என்று எழுதிய துண்டுத் தாள் ஒட்டும்போது நழுவி, யாரோ ஒருவரின் கீழ்த்தாடை அச்சுக்கு அடியில் ஒட்டிக்கொண்டு கிடந்தது. பாதாளத்தில் மூன்றில் ஓர் அறை காலியாகத்தான் இருக்கும். ஆனால் காலி என்றாலும் காலி என்று எழுதியாக வேண்டும். எழுதாத அந்த அறைக்குள் கணக்கு டீச்சர் துடைப்பக் கட்டையை நீட்டிப் பார்த்தார். சுவரும் தட்டுப்படவில்லை, தரையும் தட்டுப்படவில்லை. நல்லவேளை என்று கட்டையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். வரைந்தவன் என்பதால் தம்பிக்கும் ஒரு பிரதி போயிருந்தது, படிக்கட்டும் வந்திருந்தது. தான் போட்ட அறைதானே என்று அவன் அவர் கண்ணெதிரே அதற்குள் கால் வைத்தான்.

மறுநாள் காலையில் தம்பி மனைவி வந்தாள். “நேத்து சாயங்காலம் இறங்கினவரு இன்னும் ஏறலை அண்ணி. நீங்க எழுதினா நடக்குதாமே. அவரு வீட்டுக்கு வந்துட்டாருன்னு ஒரு வரி எழுதுங்க, போதும்.”

அதைத்தான் அவளால் எழுத முடியவில்லை. அறையில் இருப்பதைச் சொல்லலாம். ஆள் செய்வதைச் சொல்ல நடுவருக்கு உரிமை இல்லை. வரச்சொல்லி எழுதி வரவழைத்தால், வருவது தம்பியாக இருக்காது என்று பயந்தாள். இன்னொரு விதியும் இருந்தது: புதிய அறை எழுதினால் உள்ளே ஆபத்து உண்டா என்று பகடை உருட்டியே தீரவேண்டும். பகடையைக் கையில் எடுத்துக் கொஞ்ச நேரம் குலுக்கினாள். பிறகு வாழ்க்கையில் முதல் தடவையாக அதை உருட்டாமல் மேசை டிராயருக்குள் போட்டு மூடினாள். தம்பி மனைவி பார்க்க, அழுதுகொண்டே திருத்தச் சீட்டில் எழுதினாள்: ‘17. உலர்ந்த அறை. எரியும் விளக்கு. நாற்காலி. பானையில் தண்ணீர். இங்கே எதிலும் விஷம் இல்லை. கிழக்கில் ஒரு கதவு, பூட்டவில்லை. கதவுக்கு அப்பால் ஆசிரியர் வீடு.’

தனக்கே தபாலில் பிரதி அனுப்பிக்கொள்ளாததால் அவள் வீட்டில் மட்டும் படிக்கட்டு முளைத்திருக்கவில்லை. சீட்டுகள் போய்ச் சேர இரண்டு நாள் ஆயிற்று. மூன்றாம் நாள் மத்தியானம் அலமாரிக்கும் ஃபிரிட்ஜுக்கும் நடுவே, வெறும் சுவராக இருந்த இடத்தில் ஒரு கதவு இருந்தது. அதன் மறுபக்கம் யாரோ கோலால் தட்டினார்கள், உள்ளே நுழையுமுன் ஆடுபவர்கள் பத்தடிக் கோலால் தட்டிப் பார்ப்பார்களே, அப்படி. அவள் எழுந்து கதவு வரை போனாள். திறக்கவில்லை.

“உள்ளே என்ன இருக்கு?” என்றது தம்பியின் குரல்.

“ஒரு மேசை. நாலு நாற்காலி. ஒரு அக்கா,” என்றாள்.

கோலைச் சுவரில் சாய்த்து வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு, “திறக்கறேன்,” என்றான்.

கதவு இன்றும் அங்கேதான் இருக்கிறது. ஃபிரிட்ஜை மட்டும் ஓரடி நகர்த்தவேண்டி வந்தது. தம்பி தன் வீட்டுப் படியில் இறங்கி அந்த வழியாகவே ஸ்டேப்ளர் அடிக்க வருகிறான். தெருவழியைவிட அது கிட்டம். பத்தாவது வெளியீட்டின் கடிதப் பகுதியில் கணக்கு டீச்சர் எழுதியிருந்தார்: பழைய விதிக்கு இந்தப் பதினேழாம் அறையில் இரக்கம் கொஞ்சம் கூடுதல். எல்லாக் கடிதத்துக்கும் சளைக்காமல் பதில் சொல்லும் ஆசிரியர் அதை மட்டும் பதில் போடாமல் அச்சிட்டாள்.