ஒன்பதுக்கு வரிசை தெரியாது

ரத்த வங்கியில் அன்று ஸ்கேனர் படுத்துவிட்டது. மாடியிலிருந்த பிரசவ வார்டு நர்ஸ் நோயாளியின் பத்து இலக்க எண்ணைப் போனில் சொல்ல, லேப் அக்கா அதை உள்ளங்கையில் குறித்துக்கொண்டு கணினியில் தட்டினாள். பிறகு வழக்கம்போல் திரையில் இருந்த இலக்கங்களைக் கூட்டினாள்: நாற்பத்தைந்து. அங்கே நோயாளி எண் எல்லாமே ஒன்பதால் மீதியின்றி வகுபடும். சரியாக வந்தது. திரை காட்டிய ரத்த வகையில் ஒரு பையை எடுத்து மேலே அனுப்பிவிட்டு, நிம்மதியாகத் தேநீரைக் கையில் எடுத்தாள்.

மருந்துக் கிடங்குக்காரர் வந்து உட்கார்ந்தார். கணக்கு விளையாட்டு என்றால் அவருக்கு உயிர்.

"எவ்வளவு பெரிய நம்பர் வேணா எடுத்துக்கோம்மா. இலக்கத்தை இடம் மாத்திப் போடு. பெருசுல சின்னதைக் கழி. ஒன்பதால வகுபடலேன்னா என் மீசையை எடுத்துடறேன்."

"அது இருந்து மட்டும் என்ன பண்ணுது அண்ணே?"

சிரித்தபடியே உள்ளங்கையைப் பார்த்தாள். 4163285709. முதல் இரண்டு இலக்கங்களை மாற்றிக் கழித்தாள். இருநூற்று எழுபது கோடி. கச்சிதமாக வகுபட்டது.

"எப்படிண்ணே?"

"ஒன்பதுக்கு வரிசை தெரியாதும்மா. எப்படிக் கலைச்சுப் போட்டாலும் கூட்டுத்தொகை அதேதானே!"

அவள் தேநீரைக் கீழே வைத்தாள். அப்படியானால் இலக்கம் இடம் மாறினால் நம் கூட்டல் கண்டுபிடிக்காதே! திரும்பித் திரையைப் பார்த்தாள். கையில் 28. திரையில் 82. திறந்திருந்தது வேறு யாரோ ஒரு நோயாளியின் பக்கம். கையிலிருந்த எண்ணைச் சரியாகத் தட்டினாள்; ரத்த வகையும் வேறு. சேராத ரத்தம் கொஞ்சம் ஏறினாலே உயிருக்கு ஆபத்து.

வார்டு போனை யாரும் எடுக்கவில்லை. ஓடினாள். வேலை போய்விடுமே என்ற பயமும் கூடவே ஓடிவந்தது, அதை உதறினாள். கடவுளே, அந்த ஊசியைக் கொஞ்சம் நிறுத்தி வை.

வார்டில் பை கம்பியில் தொங்கியது. குழாய் இன்னும் இணைக்கப்படவில்லை. கட்டிலோரம் நர்ஸ் அந்தப் பெண்ணின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

"திட்டாதீங்கக்கா, லேட்டாயிடுச்சு. இந்தப் பொண்ணு ரொம்பப் பயந்து அழுதுச்சு. கொஞ்சம் அடங்கட்டும்னு பேசிக்கிட்டிருந்தேன்."

"போடாதே! தப்பான பை. நான்தான் நம்பரை மாத்தி அடிச்சுட்டேன்."

நர்ஸ் பையைச் சட்டென்று இறக்கினாள். கட்டிலில் இருந்தவளின் முகம் வெளிறியது.

"எனக்கு ஏதாவது ஆயிடுச்சாக்கா?"

"ஒண்ணும் ஆகலைம்மா. அவ உன் கையைப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்ததால ஆகலை."

அந்தப் பெண் மெல்லக் கையை நீட்டி லேப் அக்காவின் விரல்களைப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க கை என் கையை விட நடுங்குதேக்கா."

அந்தப் பெண்ணின் மணிக்கட்டுப் பட்டையிலிருந்த எண்ணை லேப் அக்காவும் நர்ஸும் ஒவ்வோர் இலக்கமாக, வரிசை பிசகாமல், வாய்விட்டுப் படித்தார்கள். பிறகு லேப் அக்கா சரியான பையைக் கொண்டுவர இறங்கினாள். அதைக் கொடுத்ததும் நேரே தலைமை மருத்துவரிடம் போய்ச் சொல்லிவிட வேண்டும். பயம் போகவில்லை. கால்கள் மட்டும் நிற்காமல் நடந்தன.