மேசைமேல் இரண்டு துப்பாக்கிகள்

ஹம்பேர்க் பிரதான ரயில் நிலையத்துக்குப் பின்னால் தமிழ்க் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு ஒன்று உண்டு. அதிலிருந்து பிரியும் சின்னச் சந்தில் துஷானியும் அவள் கணவன் சுலக்ஷனும் நகைக்கடை வைத்திருந்தார்கள். சுலக்ஷன் உள்ளே பட்டறையில் இருந்து தாலிக்கொடியும் காப்பும் திருத்துவான். துஷானி முன்னால் நின்று வருகிற ஆட்களோடு பேசுவாள்.

பெப்ரவரியில் ஒரு புதன்கிழமை முற்பகல், மகள் ஆதிரையைப் பல் வைத்தியரிடம் காட்ட சுலக்ஷன் கூட்டிப் போயிருந்தான். அந்த நேரம் பார்த்து, தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்ட ஒருவன் கடைக்குள் வந்து கைத்துப்பாக்கியை நீட்டினான். கடையில் வேறு யாரும் இல்லை, வாடிக்கையாளரான சுந்தரேஸ்வரி அக்காவைத் தவிர. அவர் கொக்கி தேய்ந்துபோன தன் தாலிக்கொடியைக் கழற்றிக் கண்ணாடி மேசையில் வைத்துவிட்டு, எப்போது திருத்தித் தருவீர் என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

வந்தவன் வாயே திறக்கவில்லை. துப்பாக்கி முனையால் மோதிரத் தட்டைக் காட்டினான். துஷானி கொடுத்தாள். பிறகு கொடியைக் காட்டினான். அதையும் அவள் தன் கையாலேயே எடுத்து நீட்டினாள். அவன் போன பிறகும் அவளுடைய கை நீட்டியபடியே இருந்தது. சுந்தரேஸ்வரி அக்காதான் அதைப் பிடித்துக் கீழே இறக்கிவிட்டார்.

பொலிஸ்காரர் கேட்ட எதற்கும் அவளால் பதில் சொல்ல முடியவில்லை. எவ்வளவு உயரம், என்ன வயது, தாடி இருந்ததா, ஒன்றும் தெரியாது. துப்பாக்கியை மட்டும் சொன்னாள். கறுப்பு. நடுவில் ஓர் ஓட்டை.

"அந்த ஓட்டைக்குள் குறுக்கே அடைப்பு மாதிரி ஏதாவது தெரிந்ததா?" என்று அவர் கேட்டார்.

"ஏன்?"

"தெரிந்திருந்தால் அது வெற்றுத் தோட்டா போடுகிற துப்பாக்கியாக இருக்கலாம். வெடிச்சத்தம் வரும், குண்டு வராது. வயது வந்த யாரும் கடையில் வாங்கலாம்."

அவள் யோசித்தாள். அந்த ஓட்டையை அவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். உள்ளே என்ன இருந்தது என்று நினைவில்லை. அன்றிலிருந்து அந்தக் கேள்வி அவளை விடவே இல்லை. பஸ்ஸுக்கு நிற்கும்போது வரும், சோறு வடிக்கும்போது வரும். இன்னொருத்தியின் தாலியை நான் ஒரு விளையாட்டுச் சாமானுக்குப் பயந்தா தூக்கிக் கொடுத்தேன்?

சுலக்ஷனுக்கு வேறு மாதிரியான கவலை. அவன் நேரே ஆயுத அனுமதி அலுவலகத்துக்குப் போய், நகைக்கடைக்காரனுக்கு உண்மையான பிஸ்டலைக் கூடவே கொண்டுதிரிய அனுமதி தருவார்களா என்று விசாரித்தான். அந்த அனுமதி அநேகமாக யாருக்கும் கிடைப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். வெற்றுத் துப்பாக்கியை வெளியே கொண்டுபோகச் சின்ன அனுமதி அட்டை ஒன்று இருந்தது. அதற்குப் பரீட்சை கிடையாது. ஆளைப் பற்றி விசாரித்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பார்கள். இருவர் பெயரிலும் அவன் விண்ணப்பித்தான். கோடையில் அட்டைகள் வந்தன.

"எனக்கு உந்தத் துவக்கு வேண்டாம்" என்றாள் துஷானி.

"நீர் தனிய நிக்கேக்கை ஆரும் வந்தால் என்ன செய்வீர்?"

"போனமுறை செய்ததைத்தான் செய்வன்."

அவள் அவனுடைய முகத்தைப் பார்த்தாள். அன்றைக்குத் தான் இல்லாமல் போனதை அவன் தினமும் நினைக்கிறான் என்று அவளுக்குத் தெரியும். கடைசியில், "சரி. ஆனால் ஒழுங்காப் பழகாமல் நான் தொடமாட்டன்" என்றாள். அவள் கேட்டது பயிற்சியைத்தானா, அல்லது கொஞ்சம் கால அவகாசத்தையா என்று அவளுக்கே விளங்கவில்லை.

நகரின் தெற்கே ஹார்புர்க்கில் ஒரு துப்பாக்கி சுடும் சங்கத்தில் சனிக்கிழமை வகுப்பு நடந்தது. நடத்தியவள் மைக்கே என்ற பெண். துஷானியின் வயதுதான் இருக்கும். வார நாட்களில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை செய்பவள். அவள் முதலில் சொன்னது: "எந்தத் துப்பாக்கியும் எப்போதும் நிரம்பியே இருக்கிறது என்று நினையுங்கள். வெறுமை என்று இன்னொருவர் சொன்னாலும் நம்பாதீர்கள். முனை ஒருபோதும் ஆட்களை நோக்கக்கூடாது. சுட முடிவெடுக்கும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கவேண்டும்."

தோட்டாக்கள் இருக்கும் மகசினைக் கழற்றினால் துப்பாக்கி வெறுமையாகிவிடும் என்றுதான் துஷானி நினைத்திருந்தாள். மைக்கே இல்லை என்று தலையாட்டினாள். மகசினைக் கழற்றிய பிறகும் ஒரு தோட்டா குழலின் பின்னால் தங்கியிருக்கலாம். மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்து, கண்ணால் பார்த்து, விரலாலும் தடவிப் பார்க்கவேண்டும். துஷானி இழுத்தாள். அது அசையவில்லை. கொக்கியும் வளையமும் கோர்த்துப் பழகிய அவள் விரல்களுக்கு அந்தப் பலம் வரவில்லை.

"அப்படியானால் உங்களுக்கு ரிவால்வர்தான் சரி" என்றாள் மைக்கே. "இழுக்கத் தேவையில்லை. உருளையைத் திறந்தால் என்ன இருக்கிறது என்று தெரிந்துவிடும். பாரம் கூடுதல், பைக்குள் துருத்திக்கொண்டு நிற்கும். சின்னது வடிவாக அடங்கும்தான். ஆனால் அடங்குவது வேறு, கையாள முடிவது வேறு."

பிறகு மைக்கே இரண்டு கறுப்புக் கைத்துப்பாக்கிகளை வெறுமையாக்கிக் காட்டிவிட்டு, முனைகள் சுவரைப் பார்க்கும்படி மேசைமேல் வைத்தாள். ஒன்று போட்டிகளில் சுடும் உண்மைத் துப்பாக்கி, மற்றது வெற்றுத் துப்பாக்கி. "எது உண்மை?"

துஷானி நெடுநேரம் பார்த்தாள். இடது பக்கம் இருந்ததைக் காட்டினாள். அது வெற்றுத் துப்பாக்கி.

"கவலைப்படாதீர்கள். பொலிஸ்காரர்களும் தூரத்திலிருந்து பிரித்துச் சொல்ல மாட்டார்கள். அதுதான் இதன் ஆபத்தே. நீங்கள் இதை எடுத்தால், எதிரே நிற்பவன் உண்மை என்று நினைத்துத்தான் நடப்பான். அவனிடம் உண்மையானது இருந்தால்?"

"அப்படியானால் ஏன் எங்களுக்குப் பழக்குகிறீர்கள்?"

"நான் பழக்காவிட்டாலும் வாங்கப் போகிறீர்கள்" என்றாள் மைக்கே.

இடைவேளையில் துஷானி தன் அட்டையைக் காட்டி, இதை எங்கெல்லாம் கொண்டுபோகலாம் என்று கேட்டாள். கோயில் தேர் மாதிரிப் பொது நிகழ்ச்சிகளுக்குக் கூடாது. ரயிலிலும் நிலையத்தைச் சுற்றியும் ஆயுதத் தடை இருக்கிறது, அட்டை இருப்பதால் விடுவார்கள் என்று நம்பிப் போகவேண்டாம், முதலில் கேட்டறியுங்கள் என்றாள் மைக்கே. துஷானி தினமும் எஸ்-பான் ரயிலில் வந்து, நிலையத்தைக் கடந்துதான் கடைக்குப் போகிறவள். அவளுக்குப் பயம் வருவதும் அந்த வழியில்தான். வீட்டுக்கு வந்து சொன்னபோது சுலக்ஷன் நம்பவில்லை.

"அட்டை தந்தவையே தடை எண்டு சொல்லுவினமோ? நான் கூட்டாளி ஒருத்தனைக் கேட்டனான். அட்டை இருந்தால் பிரச்சினை இல்லையாம்."

"அவர் பொலிஸோ?"

"இல்லை. பீட்சாக் கடை."

ரிவால்வரைப் பற்றியும் அவள் சொல்லத்தான் செய்தாள். ஆனால் அடுத்த கிழமை அவன் வாங்கிவந்தது சின்ன பிஸ்டல். கைப்பைக்குள் அடங்கும் என்றான். மிளகு வாயு வரும் தோட்டாக்களும் வாங்கியிருந்தான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு முடிந்து, ஆதிரை முன்னறையில் படம் பார்த்துக்கொண்டிருந்தபோது, குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டினான். தோட்டா நிரப்பிய மகசினைப் போட்டான், மேல்பாகத்தை இழுத்தான், மகசினைக் கழற்றி மேசையில் வைத்தான்.

"பாரும், எவ்வளவு சுகம். இப்ப உள்ளை ஒண்டும் இல்லை."

"இருக்கு. பின்னுக்கு இழுத்துப் பாருங்கோ."

"கழட்டிப்போட்டனே."

"ஐயோ, விரலை எடுங்கோ!"

அவன் முனையைக் பாத்திரம் கழுவும் தொட்டியை நோக்கித் திருப்பியிருந்தான். அந்த அளவுக்காவது புத்தி இருந்தது. விசை அமுங்கியது. குசினி முழுவதும் வெடித்தது மாதிரி இருந்தது. அடுத்த கணம் கண்ணும் தொண்டையும் எரிந்தன. துஷானி முன்னறைக்கு ஓடி ஆதிரையைத் தூக்கிக்கொண்டு பல்கனிக் கதவைத் திறந்தாள். மூவரும் வெளியே நின்று இருமினார்கள். சுலக்ஷன் ஏதோ சொன்னான். அவன் வாய் அசைந்தது, அவளுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

அயலவர் யாரோ பொலிஸுக்கு அழைத்துவிட்டார்கள். சிறிது நேரத்தில் கதவு பலமாகத் தட்டப்பட்டது. கண்ணீரைத் துடைத்தபடி துஷானி திறந்தாள். படிக்கட்டில் மூன்று பொலிஸார் நின்றார்கள். முன்னால் நின்ற இளம் பெண்ணின் கையிலிருந்த துப்பாக்கி துஷானியின் நெஞ்சை நோக்கி இருந்தது.

"கைகளை மேலே! மேலே!"

துஷானி கைகளை உயர்த்தினாள். பயப்படவேண்டிய நேரத்தில் அவள் அந்தத் துப்பாக்கியின் ஓட்டையைப் பார்த்தாள். உள்ளே குறுக்கே ஏதாவது தெரிகிறதா? தான் என்ன செய்கிறோம் என்று விளங்கியதும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தது அழுகையாக மாறியது. அந்தப் பெண் மெதுவாகத் துப்பாக்கியை இறக்கினாள்.

விசாரித்தார்கள், எழுதினார்கள், பிஸ்டலை ஒரு பையில் போட்டுக் கட்டினார்கள். அட்டைகளைத் திரும்ப வாங்குவதா இல்லையா என்று அலுவலகம் முடிவெடுக்கும் என்றார்கள். போகும்போது அந்த இளம் பெண் துஷானியிடம், "கதவைத் திறந்தபோது அது உங்கள் கையில் இருந்திருந்தால்..." என்று தொடங்கினாள். முடிக்கவில்லை. அவள் முகம் வெளிறியிருந்தது.

ஆதிரை சுலக்ஷனைக் கேட்டாள்: "அப்பா, அது விளையாட்டுத் துவக்கா, உண்மைத் துவக்கா?"

"விளையாட்டு... இல்லை. உண்மையும் இல்லை" என்றான் அவன். பிறகு, "எனக்குத் தெரியேல்லை, குஞ்சு" என்றான். அவன் காது அன்று முழுவதும் கூவிக்கொண்டே இருந்தது. அவன் துஷானியிடம் மன்னிப்புக் கேட்கவில்லை. பாத்திரங்களை எல்லாம் திரும்பத் திரும்பக் கழுவினான்.

செய்தி எப்படியோ பரவிவிட்டது. செவ்வாய்க்கிழமை சுந்தரேஸ்வரி அக்கா கடைக்கு வந்தார். கழுத்தில் மஞ்சள் கயிறுதான் இருந்தது. துஷானி அதைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தாள்.

"என்ன பிள்ளை, வீட்டை யுத்தமாமே?"

துஷானி நடந்ததைச் சொன்னாள். பிறகு, இத்தனை மாதமாக வாயில் வராததையும் கேட்டாள். "அக்கா, அண்டைக்கு அவன் வைச்சிருந்தது பொய்த் துவக்கு எண்டால், நான் உங்கட கொடியைச் சும்மா எல்லோ குடுத்திருக்கிறன்?"

அக்கா கதிரையில் அமர்ந்தார். "சரி, உம்மட கையிலையும் ஒண்டு இருந்தது எண்டு வைப்பம். நான் உங்கள் ரெண்டு பேருக்கும் நடுவிலை நிண்டனான். எடுத்திருப்பீரோ?"

துஷானிக்கு அந்தக் காட்சி முழுவதுமாகத் தெரிந்தது. அக்காவின் சாம்பல் கோட், அதற்கு அப்பால் தொப்பி. அக்கா எங்கே நின்றார் என்பதை இவ்வளவு நாளும் அவள் நினைத்தே பார்க்கவில்லை.

"தெரியேல்லை அக்கா."

"எனக்கும் தெரியேல்லை. நீர் குடுத்தபடியால் இண்டைக்கு வந்து உம்மோடை கதைச்சுக்கொண்டிருக்கிறன். பொய்யோ மெய்யோ, அதை அவனைத்தான் கேக்க வேணும்." அக்கா எழுந்து, புதுக் கொடி ஒன்றுக்கு மாதிரிகள் காட்டச் சொன்னார். எதுவும் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

பிஸ்டலைத் திரும்பக் கேட்பதில்லை என்று இருவரும் தீர்மானித்தார்கள். கடைக்கதவுக்கு, உள்ளிருந்து பொத்தானை அழுத்தினால் மட்டும் திறக்கும் பூட்டுப் போட்டார்கள். இத்தோடு எல்லாம் முடிந்தது என்று சுலக்ஷன் நினைத்தான். துஷானியும் அப்படித்தான் நினைத்தாள்.

ஆனால் அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை, மளிகைச் சாமான் வாங்கப் புறப்பட்டவள் ஹார்புர்க் ரயிலில் ஏறினாள். சங்கத்தின் வாசலில் நின்ற மைக்கே அவளைக் கண்டதும் கேட்டாள்.

"வாங்கிவிட்டீர்களா?"

"வாங்கினோம். இப்போது இல்லை. இனியும் வேண்டாம்."

"பிறகு?"

"ஒரு தடவை சுடலாமா? உண்மையானதால்? வித்தியாசம் எனக்குத் தெரியவேண்டும்."

மைக்கே அவளைக் கூர்ந்து பார்த்துவிட்டு உள்ளே கூட்டிப் போனாள். காதுக் கவசம் போட்டுவிட்டாள். பக்கத்திலேயே நின்று, சின்னக் குண்டு சுடும் துப்பாக்கி ஒன்றில் ஒரே ஒரு தோட்டாவைப் போட்டுக் கொடுத்தாள். துஷானி தூரத்துக் கடதாசி வட்டத்தைப் பார்த்தாள், மூச்சை விட்டாள், அழுத்தினாள். கை மேலே துள்ளியது. கடதாசியின் ஓரத்தில், வட்டத்துக்கு வெளியே ஒரு துளை விழுந்தது.

"எப்படி இருக்கிறது?" என்று மைக்கே சைகையால் கேட்டாள்.

துஷானி துப்பாக்கியை முனை முன்னால் இருக்கும்படி கீழே வைத்தாள். பயமா, நிம்மதியா, வெட்கமா என்று தன்னையே கேட்டுப் பார்த்தாள். மூன்றும் இருந்தன. எது கூடுதல் என்று சொல்ல வரவில்லை.

"இன்னொரு தோட்டா போடுங்கள்" என்றாள்.